பையைக் கொண்டுவரச் சொல்லும் அக்கா

இரண்டாம் மாடியில், லிஃப்ட் கதவுக்கும் ஆக்சிஜன் சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் மூலைக்கும் நடுவில் ஒரு மேசை கிடக்கிறது. மூன்று கால்கள் ஒழுங்காக நிற்கும். நாலாவது காலுக்கு அடியில் மருந்து வந்த அட்டைப்பெட்டியை மடித்துச் செருகியிருக்கிறோம். மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. இந்தப் பக்கத்து நாற்காலி ஒன்றில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவரை ஆஸ்பத்திரியில் எல்லாரும் பை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் பெயர் இருக்கிறது. அந்த அட்டை எப்போதும் முதுகைக் காட்டியே தொங்குவதால் யாரும் அதைப் படித்ததில்லை.

புதிதாகச் சேர்ந்த நோயாளி யாராக இருந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்ல சாப்பிடற மருந்துப் பையைக் கொண்டுவந்தீங்களா?" என்பதுதான். அதிலிருந்து வந்த பெயர்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே இன்னும் யாருக்கும் புரியவில்லை. ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் டாக்டர் புதிதாக மருந்து எழுதுவார். ஆனால் நேற்று ராத்திரி வரை அந்த ஆள் வீட்டில் என்னென்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார்? அது தெரியாமல் போனால் விடக்கூடாத மருந்து நின்றுபோகும். இல்லையென்றால் ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு தடவை உள்ளே போகும். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு மருந்துகள் வயிற்றுக்குள் சந்தித்துக்கொள்வதும் உண்டு. சேர்ந்த ஒரு நாளுக்குள் வீட்டு மருந்துகள் எல்லாவற்றையும் கேட்டு எழுதி, டாக்டர் எழுதியதோடு ஒப்பிட்டு, எங்கே இடிக்கிறதோ அங்கே போய் டாக்டரிடம் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானில் ஒரு மனுஷியின் முழங்கால் தேய்ந்துபோயிருக்கிறது.

ஜனங்கள் மருந்தைப் பெயர் சொல்லிச் சாப்பிடுவதில்லை. "வெள்ளையா, சின்னதா, ராத்திரி போடறது" என்பார்கள். எல்லா மாத்திரையும் வெள்ளைதான், சின்னதுதான். ஒரு பெரியவர் எல்லா மாத்திரைகளையும் அட்டையிலிருந்து பிதுக்கி ஒரே டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தார், எடுக்க வசதியாம். ஒரு அம்மா அட்டையைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டியிருந்தார். ஒவ்வொரு துண்டிலும் 'மில்லி கிராம்' என்பது மட்டும் மிச்சம். இன்னொருத்தர் மருந்தே சாப்பிடுவதில்லை என்று பத்து நிமிடம் சாதித்துவிட்டு, எழுந்திருக்கும்போது மூச்சு வாங்கியதும் சட்டைப் பையிலிருந்து பம்பை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார். அது மருந்து இல்லையா என்றால், அது காத்துதானே என்றார்.

அக்கா யாரிடமும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்படத் தெம்பு இல்லை என்று அவரே சொல்வார். செருப்பை மேசைக்கு அடியில் கழற்றிவிட்டு, வீங்கிய பாதத்தைக் குளிர்ந்த தரையில் வைத்துக்கொண்டு, அதே கேள்வியை அன்றைக்கு இருபத்தேழாவது தடவையாகக் கேட்பார். மருந்துக் கடைக்குப் போன் போடுவார். அவர்கள் காத்திருக்கச் சொன்னால் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த பாரத்தை எழுதுவார். லிஃப்ட் மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு.

"தெரியாதுன்னு சொல்றவங்களால எனக்குத் தொல்லை இல்ல, தம்பி. 'எல்லாம் எனக்குத் தெரியும்'னு சொல்லிக்கிட்டு வர்றாங்க பாரு, அவங்கதான் என் உயிரை வாங்கறாங்க" என்று ஒருநாள் சொன்னார்.

அச்சடித்து வந்த பாரத்தில் மூன்று கட்டங்கள்தான் இருந்தனவாம்: மருந்து, அளவு, நேரம். நாலாவதாக ஒரு கட்டத்தை அக்கா ஸ்கேல் வைத்துத் தானே கோடு போட்டுச் சேர்த்தார். அதன் தலையில் 'கண்ணால் பார்த்தது' என்று எழுதினார். அட்டையையோ குப்பியையோ சீட்டையோ நேரில் பார்த்தால் மட்டும் அதில் ஒரு டிக். வாயால் சொன்னதற்கு டிக் கிடையாது. ஐந்து வருடம் கையாலேயே கோடு போட்டார். அதற்குப் பிறகுதான் மேலிடத்துக்கு மனசு இரங்கி அந்தக் கட்டத்தையும் சேர்த்து அச்சடித்துக் கொடுத்தார்கள்.

நான் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மூன்று வருடமாகக் காலியாகக் கிடந்த இடத்துக்கு வந்தேன். பார்மசியில் அக்கா டிப்ளமா, நான் டிகிரி. எங்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்பதை வந்த முதல் வாரத்திலேயே ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியப்படுத்திவிட்டேன். அன்றிலிருந்து அக்கா என்னைப் 'பட்டதாரி' என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. உண்மையைத்தானே சொல்கிறார். டாக்டர் எழுதியதைச் சரிபார்ப்பதுதான் என் வேலை என்று ஊரில் அப்பாவிடம் விளக்கியபோது, அவர் முகம் வெளுத்துவிட்டது. "டாக்டரையே திருத்தறியா? வேலை நிலைக்குமாடா?" என்றார். அம்மா அவரை விடத் தெளிவு: மருந்துக்கடை, ஆனால் பெரிய கட்டிடத்துக்குள்ளே.

அக்காவின் கணவர் டெய்லர். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் கடை. நர்சுகளின் சீருடை, வார்டின் பச்சைத் திரைகள், ஆபரேஷன் துணி எல்லாம் அவர் தைத்ததுதான். அதனால் அவர் ஆஸ்பத்திரிக்குப் பாதிச் சொந்தம். என்னை முதன்முதலில் பார்த்தபோது தோள் அகலத்தைக் கண்ணாலேயே அளந்து, "மாப்பிள்ளை, படிச்சது தலைக்குள்ள போயிருக்கு, உடம்புல ஒண்ணும் ஒட்டல" என்றவர். நான் அவரை மாமா என்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி வாக்கில், கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்த மாமா அப்படியே பலகை மேல் சரிந்துவிட்டார். பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிவந்தாள். பதினாலாம் படுக்கையருகே பட்டியல் எழுதிக்கொண்டிருந்த அக்காவிடம் ஹெட் நர்ஸ் வந்து காதோடு சொன்னார். அக்கா தலையை ஆட்டினார். எழுதிக்கொண்டிருந்த வரியை முடித்தார். பேனாவை மூடினார். அதன் பிறகுதான் எழுந்தார். எழுந்ததும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு கணம் அவருக்குத் தெரியவில்லை.

நாடி நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. ஆளுக்கு நினைவு வந்துவிட்டது. மார்பில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்த இதய டாக்டரிடம், "இறுக்கமா எடுக்காதீங்க சார், ஒரு இஞ்சு விட்டு எடுங்க" என்று அளவு சொன்னாராம். அவர் சிரித்தபோதும் டாக்டர் சிரிக்கவில்லை.

சொந்தக்காரருக்கு நாம் பட்டியல் எழுதக்கூடாது என்பது விதி. அதனால் நான் உட்கார்ந்தேன், அக்கா நின்றார். வகுப்பில் வருகைப் பதிவு வாசிப்பது போல ஒரே மூச்சில் சொன்னார்: காலையில் பிரஷர் மாத்திரை, காலையும் ராத்திரியும் சர்க்கரை மாத்திரை, படுக்கும்போது கொழுப்புக்கு ஒன்று. பெயர், அளவு எல்லாம் சுத்தமாக வந்தது.

வேறு ஏதாவது என்று கேட்டேன்.

"வேற ஒண்ணும் இல்ல. நான்தானே வாங்கறேன், நான்தானே எடுத்து வைக்கறேன்."

நாலாவது கட்டத்துக்கு வந்ததும் என் பேனா நின்றது. பை அக்காவிடமே பையைக் கேட்பதா? சமையல் செய்கிறவரிடம் அரிசி கழுவினீர்களா என்று கேட்பது போல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை இன்னொரு கேள்வியால் தொந்தரவு செய்யத் தோன்றவில்லை. மூன்று வரிக்கும் மூன்று டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கண்ணால் பார்க்காமல் போட்ட டிக். என் கை போட்டது. அதை மறைத்துவிட்டு இதை எழுதினால் எழுதுவதிலேயே அர்த்தமில்லை.

டாக்டர் பட்டியலைப் பார்த்ததும் பிரஷர் மாத்திரையை நிறுத்தினார். அந்த வகை மாத்திரை இதயத்தையும் கொஞ்சம் மெதுவாக்கும். இரண்டு நாளில் அது உடம்பை விட்டுப் போய்விடும், நாடி தானாக ஏறும் என்றார். எங்களுக்கும் நிம்மதி. புதன்கிழமை நாற்பது. வியாழக்கிழமை காலை முப்பத்தேழு. அன்றைக்குக் குளியலறையிலிருந்து திரும்பும்போது மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் அக்காவை வெளியே அழைத்துச் சொன்னார். மாத்திரை இந்நேரம் போயிருக்க வேண்டும், இன்னும் ஏறவில்லை என்றால் கோளாறு இதயத்துக்குள்ளேயேதான் இருக்கிறது. நாளைக் காலை பேஸ்மேக்கர் வைத்துவிடலாம். இடது தோளுக்குக் கீழே சின்னதாகக் கீறி உள்ளே வைப்பது. நாலு மணிக்குள் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வேண்டும். மாமா கேட்டது ஒரே கேள்விதான்: கையைத் தூக்கலாமா? சில வாரங்களுக்கு இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது என்றார்கள். பள்ளிக்கூடம் திறக்க இருபது நாள்தான் இருந்தது. கடையில் இருநூறு சட்டை வெட்டியபடி கிடந்தது. மாமா மேலே சுற்றிய மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் இரண்டரை மணிக்கு அக்கா மேசைக்கு வந்தார். மூன்று நாளாக அதே புடவை போலத் தெரிந்தது. கையில் அந்தப் படிவம், கையெழுத்து இல்லாமல். வழக்கமான நாற்காலிக்குப் போகவில்லை. அந்தப் பக்கம், நோயாளி வீட்டார் உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பட்டதாரி, புதுப் பாரம் ஒண்ணு எடு."

எடுத்தேன்.

"நான் யாருன்னு மறந்துடு. ஒரு டெய்லரோட சம்சாரம் வந்திருக்கா. முதல்லேர்ந்து கேளு."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் மேசையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். நான் கேட்டேன், அவர் எத்தனையோ பேரிடம் கேட்ட அதே வரிசையில்.

வீட்டில் சாப்பிடும் மருந்துப் பையைக் கொண்டுவந்தீர்களா?

"இல்ல" என்றார். பிறகு, "ரெண்டு தடவை வீட்டுக்குப் போய்ட்டு வந்தேன். போர்வை எடுத்தேன், பிளாஸ்க் எடுத்தேன். பையை எடுக்கணும்னு தோணவே இல்ல பாரு" என்றார்.

நாலாவது கட்டம் காலியாகவே இருந்தது. மாத்திரைகளை மறுபடி சொன்னார், எழுதினேன். அடுத்தது விழுங்காத மருந்துகள். இந்தக் கேள்விகளைத்தான் அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுவோம். நானும் செவ்வாய்க்கிழமை விட்டிருந்தேன். மூச்சுக்கு உறிஞ்சுகிற பம்பு? இல்லை. ஊசி? இல்லை. தோலில் தடவுகிறது, ஒட்டுகிறது? கழுத்து வலிக்குத் தைலம், அவ்வளவுதான். கண்ணிலோ காதிலோ விடும் சொட்டு மருந்து?

"இல்..." என்று தொடங்கிய வாய் அப்படியே நின்றது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது சுவர் இல்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

மெதுவாகச் சொன்னார். போன மாதம் ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது மாமா தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாராம். வழக்கமாக நீள மூக்கு வைத்த தகர டப்பா ஒன்று இருக்கும். அன்றைக்குக் கையில் இருந்தது விரல் நீளத்தில் ஒரு வெள்ளைக் குப்பி. புதிதாக இருக்கிறதே என்று கேட்டதற்கு, இதில் ஒவ்வொரு சொட்டாக விழும், துணியில் கறை படாது என்றாராம். நல்ல யோசனைதான் என்று அக்காவும் பாராட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"அந்தக் குப்பிக்கு மஞ்சள் மூடி, தம்பி."

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற நோய்க்கு விடும் சொட்டு மருந்தில் ஒரு வகைக்கு மஞ்சள் மூடிதான் போடுவார்கள். அந்தப் பிரஷர் மாத்திரையின் அண்ணன் தம்பி அது. கண்ணில் விட்டாலும் மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும். சிலருக்கு இதயத்தை மெதுவாக்கிவிடும்.

"எழுதிக்கோ" என்றார் அக்கா. "சொட்டு மருந்து: தெரியாது."

பதினோரு வருடத்தில் அந்த மேசையில் அவர் சொன்ன முதல் தெரியாது அதுவாகத்தான் இருக்கும்.

மாமாவிடம் நேராகப் போய்க் கேட்கலாமே என்றேன். கேட்டால் ஏதாவது வேடிக்கை பேசியே மழுப்பிவிடுவார், முதலில் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் அக்கா. இடுப்பிலிருந்து கடைச் சாவியை எடுத்தார். மணி மூன்றுக்குப் பத்து நிமிடம். இரண்டு தெருதான், ஆனால் அக்காவின் முழங்காலுக்கு அது நாலு தெரு. உச்சி வெயில் சாய்ந்தும் சூடு குறையவில்லை. கையைப் பிடிக்கட்டுமா என்றதற்கு, என் கை எதுக்கு, பாரத்தைப் பிடி என்றார்.

ஷட்டரை நான் தூக்கினேன். மூன்று நாள் பூட்டிக் கிடந்த கடையில் புதுத்துணி வாசம். பலகையில் வெள்ளைச் சட்டைத் துணி அடுக்கடுக்காக. அதன் மேல் சாக்கட்டிக் கோடுகள். அந்தக் கோடுகளை அக்கா விரலால் தடவிப் பார்த்தார். ஒவ்வொன்றும் விரல் தடிமன், இரண்டு மூன்று தடவை மேலே மேலே போட்டது. மயிரிழைக் கோடு போடுகிற ஆள் அவர், நானே பார்த்திருக்கிறேன். சுவரோரம் தொங்கிய ஊசித்தலையணையில் பத்துப் பன்னிரண்டு ஊசிகள், எல்லாம் நூல் கோத்தபடி. சத்தம் கேட்டு வந்த ஜெராக்ஸ் கடைப் பெண், தினமும் காலையில் தான்தான் கோத்து வைப்பதாகவும், டெய்லர் அண்ணன் அதற்குப் பதிலாக அவளுடைய ரவிக்கைக்கு இலவசமாகக் கொக்கி வைத்துக் கொடுப்பதாகவும் சொன்னாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்றாராம். நீங்கள் யாரோ இல்லையே அக்கா, அதனால்தான் சொல்கிறேன் என்றாள்.

மெஷின் மேல் அந்தக் குப்பி இருந்தது. மஞ்சள் மூடி. ஒட்டியிருந்த காகிதம் சுத்தமாகச் சுரண்டப்பட்டிருந்தது, உள்ளே எண்ணெய். பித்தான் டப்பாவைக் கவிழ்த்தோம். பித்தான்களோடு ஐந்து காலிக் குப்பிகளும் விழுந்தன. தூக்கிப்போட மனசில்லாமல் சேர்த்து வைத்திருக்கிறார். ஒன்றில் பாதிக் காகிதம் மிச்சமிருந்தது. அக்கா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பெயரைப் படித்தார். என்னையும் படிக்கச் சொன்னார். படித்தேன்.

மெஷின் மேசையின் இழுப்பறையில் ஒரு கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. பதினாலு மாதம் பழையது. இரண்டு கண்ணிலும் அழுத்தம், காலையும் மாலையும் ஒவ்வொரு சொட்டு, ஒரு நாள் கூட நிறுத்தக்கூடாது. கடைசி வரியில், 'சாப்பிடும் வேறு மருந்துகள்' என்ற இடத்தில் யாரோ அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள்.

அக்கா அந்த 'இல்லை'யையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கயும் எவளோ ஒருத்தி காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்து கேட்டிருக்கா. இந்த மனுஷன் ஒண்ணும் இல்லைன்னுட்டார்" என்றார். பலகை விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு திடீரென்று நிமிர்ந்தார். "எல்லாம் காலி. இப்ப விடற குப்பி எங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாத்திரையை நிறுத்தியும் நாடி ஏன் ஏறவில்லை என்று.

மாமாவின் படுக்கை ஜன்னலோரம். அக்காவின் புடவையில் சாக்கட்டித் தூள் படிந்திருந்ததைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. கடைக்குப் போனாயா என்று கேட்டார். அக்கா உள்ளங்கையை நீட்டினார். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். காட்டிக்கொடுத்துவிட்டாயே என்ற பார்வை. பிறகு தலையணை உறைக்குள் கைவிட்டு மஞ்சள் மூடிக் குப்பியை எடுத்து வைத்தார். செவ்வாய்க்கிழமை சட்டைப் பையிலேயே கூட வந்த குப்பி, பாதிதான் இருந்தது. காலையும் மாலையும் குளியலறைக்குப் போய்க் கண்ணில் விட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஒரு வேளை கூட விடாம போட்டிருக்கேன், பாரு" என்றார், ஏதோ பரிசு வாங்கியவர் போல. "நிறுத்தினா பார்வை போயிடும்னு கண்ணு டாக்டர் சொன்னார்ல. மயக்கம் போட்ட அன்னிக்குக் கூட நிறுத்தல."

"நான் கேட்டப்ப ஏங்க சொல்லல?"

"மாத்திரை சாப்டாச்சான்னுதான் கேப்ப. இதை யாரு சாப்பிடறா?"

அக்கா சிரிக்கவில்லை. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். மாமாவின் சிரிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"கண்ணு போகுதுன்னு தெரிஞ்சா கடையை மூடச் சொல்லுவ" என்றார். "அது ஒண்ணு. இன்னொண்ணு... நீ சாயங்காலம் வீட்டுக்கு வர்ற. செருப்பைக் கூடக் கழட்டாம சுவத்துல சாஞ்சு உட்கார்ந்துடற. நாள் முழுக்க அத்தனை பேரு மருந்தையும் கேட்டுட்டு வந்தவகிட்ட, எனக்கும் ஒரு மருந்து இருக்குன்னு எப்படிம்மா சொல்றது?"

அக்கா குப்பியை என்னிடம் நீட்டினார். "கண்ணால பார்த்தாச்சு. டிக் போடு."

போட்டேன்.

மணி நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இதய டாக்டரைப் பிடித்தோம். அவர் பாரத்தைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அங்கேயே நின்றபடி கண் டாக்டருக்குப் போன் போட்டார். அந்தச் சொட்டு மருந்தை அப்போதே நிறுத்தி, இதயத்தைத் தொடாத வேறு ஒன்றுக்கு மாற்றினார்கள். பேஸ்மேக்கரைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார். ரத்து என்று சொல்லவில்லை, தள்ளிவைக்கிறேன் என்றுதான் சொன்னார். நாடி ஏறாவிட்டால் வைக்கத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாற்பத்து மூன்று. சனிக்கிழமை ஐம்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, இருந்தும் போனேன். ஐம்பத்தாறு. அக்கா மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பவில்லை. லிஃப்ட் மணி இரண்டு தடவை அடித்தும் அவருக்குக் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை அறுபத்தொன்று. கையெழுத்து போடாத சம்மதப் படிவத்தை அக்கா ஹெட் நர்சிடம் திருப்பிக் கொடுத்தார்.

இந்த மாதிரித் தவறு நடந்தால் அறிக்கை எழுத வேண்டும். பார்க்காமல் டிக் போட்டது நான், அதனால் நான் எழுதினேன். அதே நாளில் அக்காவும் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார்: நோயாளியின் மனைவி, தெரியாததைத் தெரியும் என்று சொன்னார். ஒரே தவறுக்கு ஒரே மேசையிலிருந்து இரண்டு அறிக்கைகள் வந்ததால் அலுவலகத்தில் குழம்பிப்போய், இதில் எது சரி என்று போன் போட்டுக் கேட்டார்கள். ரெண்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார் அக்கா. எதிர் நாற்காலியில் அடுத்த ஆள் காத்திருந்தார்.

போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்றாராம் கண் டாக்டர். மாமா இப்போது காலையில் மட்டும் கடை திறக்கிறார், வெளிச்சம் நன்றாக இருக்கும் நேரம். இருநூறு சட்டையில் பாதியை வேறு டெய்லருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஊசி கோக்கும் வேலை ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடமிருந்து அக்காவுக்கு மாறியிருக்கிறது. வேலைக்கு வரும் முன் பன்னிரண்டு ஊசி. அதற்காக அரை மணி முன்னால் எழுந்திருக்கிறாராம். முகத்தில் தூக்கம் முன்பை விட அதிகம்.

போன வாரம் மறுபரிசோதனைக்கு மாமா வந்திருந்தார். தோளில் பச்சைத் துணியில் தானே தைத்த ஒரு பை. வார்டுத் திரையில் மிஞ்சிய துண்டு போலிருந்தது. உள்ளே நாலு அறைகள்: காலை, மாலை, ராத்திரி, கண். நேராக மேசைக்கு வந்து, "பையைக் கொண்டுவந்திருக்கேன்" என்றார்.

அக்கா தலையைத் தூக்காமல், "உங்களுக்கு முன்னாடி மூணு பேர் இருக்காங்க. அப்படி உட்காருங்க" என்றார்.

மூன்று பேர் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. மாமா பொறுமையாக உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும், சொந்தக்காரர் விதிப்படி நான்தான் எழுதினேன். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், ஒவ்வொன்றையும் பார்த்து டிக் போட்டேன். விழுங்காத மருந்துகளின் கேள்விகளையும் விடாமல் கேட்டேன். பாரத்தை மூடப்போகும்போது, பக்கத்து நாற்காலியில் மருந்துக் கடைப் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு காத்திருந்த அக்கா, மாமாவின் மார்புப் பக்கம் விரலை நீட்டினார்.

"சட்டைப் பை?"

மாமா சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு துண்டு சாக்கட்டி மட்டும் மேசையில் விழுந்தது.

அக்கா தலையை ஆட்டிவிட்டு, போனில் வந்த குரலிடம், ஆமாம், இன்னும் லைனில்தான் இருக்கிறேன், சொல்லுங்கள் என்றார்.